பதினாலாம் நம்பர் மேசை

சனி ஞாயிறுன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஊரே குளிச்சு, சட்டை மாத்தி, சென்ட் அடிச்சுக்கிட்டு எங்க தெருவுக்குத்தான் வரும். காலையில பத்து மணிக்கே ரெண்டு பக்கமும் கட்டையைப் போட்டு வண்டிகளை நிறுத்திடுவாங்க. அப்புறம் தெரு முழுக்கக் காலுதான். சக்கர ஷூ மாட்டிக்கிட்டு விழுந்து எந்திரிக்கிற பிள்ளைங்க, பழைய புத்தகத்தைத் தரையில பரப்பி வச்சிருக்கிறவங்க, மரத்தடியில உக்காந்து ஒரே பாட்டை நாள் முழுக்க வாசிக்கிற கிட்டார்காரர். எட்டு ஹோட்டல், எட்டு வாசல்லயும் வரிசை. பசியோட வரிசையில நிக்கிற மனுஷனுக்கு வர்ற கோபம் இருக்கே, அப்பப்பா! அதை மொத்தமா வாங்கிக் கட்டிக்கிறது எங்களை மாதிரி ஆளுங்கதான்.

"லீவு நாள்ல நல்லா ஓய்வெடுங்க"ன்னு ரேடியோவுல ஒருத்தி குழைஞ்சு குழைஞ்சு சொல்லுவா. அவளை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எங்க சமையல்கட்டுல கொண்டுவந்து நிக்க வைக்கணும்.

என் வேலை ஜன்னல்ல. சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல அகலமா ஒரு திறப்பு இருக்கும். ஹால்ல இருந்து ஆர்டர் சீட்டு வந்தா உள்ள பாத்துக் கத்தணும், தட்டு ரெடியானா வெளிய பாத்துக் கத்தணும். என் குரல் தெருமுனை வரைக்கும் கேக்குதாம். அதனால எனக்கு ஸ்பீக்கர்னு பேரு. வாயும் கொஞ்சம் நீளம்தான், இல்லைங்கல. ஆனா அந்த ஜன்னல்ல நின்னா ஹால்ல எந்த மேசையில எவன் என்ன பண்றான்னு ஒண்ணு விடாம தெரியும். அதுதான் இப்பவும் என்னை அறுக்குது.

நான் சொல்ல வந்தது அக்காவைப் பத்தி. அக்கான்னா கூடப் பொறந்தவ இல்ல, ஹால்ல பரிமாறுறவ. கையில மூணு, மடிச்ச முழங்கையில ஒண்ணுன்னு நாலு தட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு சொட்டு சிந்தாம ஓடுவா. எக்ஸ்பிரஸ்னு கூப்பிடுவோம். பதினோரு வருஷமா அந்த ஓட்டம். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. எவனாச்சும் "ஏய்"னு விரலைச் சொடுக்கினா எனக்குத்தான் இங்க ரத்தம் கொதிக்கும். அவ சிரிச்சுக்கிட்டே, "சொல்லுங்க சார்"னு போய் நிப்பா.

அவ வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். அவருக்கு சனி ஞாயிறு லீவு. அக்காவுக்கு செவ்வாய்க்கிழமை. எங்க ஹோட்டல்ல சனி ஞாயிறு லீவு கேக்குறதும் வேலையை விடுறேன்னு சொல்றதும் ஒண்ணுதான். அவர் காலையில ஆறரைக்குக் கிளம்பிடுவாரு, அப்ப இவ தூக்கத்துல இருப்பா. இவ ராத்திரி பதினோரு மணிக்கு மூணு மாடி ஏறி வருவா, அப்ப அவர் தூக்கத்துல இருப்பாரு. ஒரே மக, கட்டிக்கொடுத்து வேற ஊருக்குப் போயிட்டா. வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிறது பெரும்பாலும் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற துண்டுச் சீட்டுலதான். "மோட்டார் போட மறந்துடாதீங்க." "உன் செருப்பு தைச்சு வச்சிருக்கேன்." இதுதான் குடித்தனம்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம்டி"ம்பா அக்கா. "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். நானும் அவரும் எதிரெதிர உக்காரணும். எனக்கு வேற ஒருத்தி தண்ணி ஊத்தணும். நான் எந்திரிக்கவே கூடாது."

அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் அவ கேட்டது.

மாமா இங்க வந்து சாப்பிடலாமேன்னு நீங்க கேப்பீங்க. சனி ஞாயிறுல வேலைக்காரங்க சொந்தபந்தம் யாரும் மேசையில உக்காரக் கூடாதுன்னு மேனேஜர் சட்டம். வெளிய வரிசை நிக்கும்போது நம்ம ஆளு உள்ள உக்காந்து ஊர்க்கதை பேசினா வியாபாரம் என்னாகும்கறது அவர் நியாயம். அதுக்கு மாமா ஒரு வழி கண்டுபிடிச்சாரு. யாரோ மாதிரி வந்தாரு.

அது எனக்கு முதல்ல தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை, தூண் ஓரத்துல பதினாலாம் நம்பர் மேசை, ரெண்டு பேர் உக்கார்ற சின்ன மேசை. ஒரு ஆளு தனியா வந்து உக்காந்து அக்காவையே பாத்துக்கிட்டு இருக்கான். அடுத்த வாரமும் அதே ஆளு. அதுக்கு அடுத்த வாரமும். மெனு கார்டைப் பிடிச்சுக்கிட்டு, "இதுல எதும்மா நல்லா இருக்கும்? உன் கையால எது கொண்டுவந்தாலும் நல்லாத்தான் இருக்கும்"னு ஒரு இளிப்பு வேற. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! கரண்டியோட வெளிய போயிட்டேன். "யோவ், வயசென்ன ஆகுது உனக்கு? வீட்டுல பொண்டாட்டி இல்ல?"ன்னு கேட்டேன்.

அந்த ஆளு பவ்யமா எந்திரிச்சு நின்னு, "இருக்காம்மா. வீட்டுல இல்ல. உனக்குப் பின்னாடி நிக்கிறா"ன்னாரு.

திரும்பிப் பாத்தா அக்கா, வாயைப் பொத்திக்கிட்டு தோள் குலுங்க நிக்கிறா. எனக்கு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.

அன்னையில இருந்து நானும் கூட்டு. பதினோரு வருஷத்துல மாமா போடாத வேஷம் இல்ல. ஒரு வாரம் செவிட்டுப் பெரியவர். அக்கா என்ன கேட்டாலும் புருவத்தைத் தூக்கிக்கிட்டு வெறிச்சுப் பாப்பாரு, பதிலே வராது. ஒரு வாரம் ஏதோ பெரிய ஆபீஸர், சூப்புல மூக்கை விட்டு மோந்து பாத்துட்டு, "ஆறிப்போச்சு, மேனேஜரைக் கூப்பிடு"ன்னு மிரட்டுவாரு. ஒரு வாரம் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை, எதிர் நாற்காலியைப் பாத்து வெக்கப்படுவாரு. ஆட்டத்துக்கு ஒரே விதி. யார் முதல்ல சிரிக்கிறாங்களோ அவங்க தோத்தாங்க. தோத்தவங்க வீட்டுல அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கணும். ஆட்டம் முடிஞ்சுதுன்னா மாமா கரண்டியைத் தட்டுல கவுத்து வைப்பாரு. அதுவரைக்கும் அவர் யாரோ, இவ யாரோ.

அக்கா மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கக் கத்துக்கிட்டா. அவர் என்ன கோமாளித்தனம் பண்ணாலும், "வேற என்ன சார் வேணும்?"னு கேட்டுட்டு ஜன்னல் வரைக்கும் வந்து, என் பக்கம் திரும்பினதும்தான் உடைஞ்சு சிரிப்பா. கண்ணுல தண்ணி வந்துடும். இருபது நிமிஷம். வாரத்துல அவங்க ரெண்டு பேரும் தூக்கமும் அசதியும் இல்லாம ஒண்ணா இருந்தது அந்த இருபது நிமிஷம்தான். காதலிக்கிற பிள்ளைங்க கூட இப்படிக் காத்துக் கிடக்காது.

போன வருஷம் மழைக்காலம் ஆரம்பிச்சப்ப, மேனேஜர் எந்த நல்ல மனசுல இருந்தாரோ, அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு எடுத்துக்கோ"ன்னுட்டாரு. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுன்னு எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கு. அக்கா தரையிலயே நிக்கல. எங்க போகலாம்னு நான் எட்டு ஹோட்டலையும் சொல்லிப் பாத்தேன். "வேற எங்கயும் வேணாம், பதினாலுலதான் உக்காருவேன். நீ வெளிய வந்து என்கிட்ட ஆர்டர் எடுக்கணும். நான் உன் உசுரை வாங்கணும்"னா. "வாங்கு, வாங்கு, உனக்குக் கொடுக்கத்தான் வச்சிருக்கேன்"னேன்.

அந்த லீவு ஞாயித்துக்கிழமைக்கு மூணு வாரம் முன்னாடி நடந்தது இது.

மழை. வரிசையில நின்ன கூட்டம் முழுக்க நனைஞ்சு உள்ள வந்து நெருக்குது. ஒன்பதாம் நம்பர்ல எட்டு பேரு, யாருக்கோ பிறந்த நாள், ஒரே கூச்சல். ஒன்னேகாலுக்கு மாமா வந்தாரு. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடந்து வந்து பதினாலுல உக்காந்தாரு. அக்கா போனா. அவர் ஏதோ சொன்னாரு. வார்த்தை குழறுச்சு. அக்கா மூஞ்சியைக் கல்லாக்கிக்கிட்டு, "சார், பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்தா எப்படி? உக்காருங்க, சூடா சூப்பு கொண்டு வர்றேன்"னு சொல்லிட்டு ஜன்னலுக்கு வந்தா.

"இன்னிக்குக் குடிகாரர்டி"ன்னு சிரிச்சா. "இது புதுசு."

நானும் எட்டிப் பாத்தேன். மாமா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிரமாதம்க்கா! உன் ஆளு சினிமாவுக்குப் போயிருக்கணும்"னு சொன்னேன். என் வாயில புழு விழ. இதைத்தான் சொன்னேன்.

சூப்பு வந்துச்சு. மாமா வலது கையால கரண்டியை எடுத்தாரு, நழுவிக் கீழ விழுந்துச்சு. அக்கா எடுத்துக் கையில கொடுத்தா, மறுபடி விழுந்துச்சு. சூப்பு சட்டையில கொட்டுச்சு. அக்கா சிரிக்காம மேசையைத் துடைச்சா. "வீட்டுல யாராச்சும் இருந்தா வரச் சொல்லட்டுமா சார்?"னு கேட்டா. அவர் அவ கையைப் பிடிச்சாரு. அதுவரைக்கும் ஒரு தடவை கூட ஆட்டத்துக்கு நடுவுல அவர் கையைப் பிடிச்சதில்ல. அது அவளுக்கு உறைச்சிருக்கணும். ஆனா ஒன்பதாம் நம்பர்ல கேக் வெட்டக் கத்தி கேட்டுக் கத்துறாங்க, மேனேஜர் பாத்துக்கிட்டு இருக்காரு. கையை உருவிக்கிட்டு, "விடுங்க சார், வேலை இருக்கு"ன்னு ஓடிட்டா.

அதுக்கப்புறம் மாமா என்னைப் பாத்தாரு. ஜன்னலைப் பாத்து இடது கையைத் தூக்கினாரு. நான் என்ன பண்ணேன்னு கேளுங்க. நானும் கையை ஆட்டினேன். டாட்டா காட்டினேன். தட்டு மேல தட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் உள்ள திரும்பிட்டேன்.

கரண்டி கவுறவே இல்ல. ஒன்னேமுக்கால் ஆச்சு. மறுபடி நான் பாக்கும்போது அவர் தலை தூண்ல சாஞ்சிருந்துச்சு. அக்கா பக்கத்துல குனிஞ்சு நின்னு ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தா. ஹால்ல பிறந்த நாள் பாட்டு பாடிக் கை தட்டுறாங்க. நான் ஓடிப் போய் நின்னப்பதான் அவ சொல்றது காதுல விழுந்துச்சு.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க. நான் சிரிச்சுட்டேன் பாருங்க, தோத்துட்டேன். போதுங்க, எந்திரிங்க. ஏங்க, எந்திரிங்க."

அப்பதான் நான் கத்தினேன். அன்னிக்கு என் குரல் உண்மையாவே தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். அரை மணி நேரம் முன்னாடி கேட்டிருக்கணும்.

ஆஸ்பத்திரியில டாக்டர் அம்மா முதல்ல கேட்டது, "எப்ப ஆரம்பிச்சுது?"ன்னுதான்.  நான்தான் சொன்னேன், ஒன்னேகால்னு. "அப்பவே பக்கத்துல யாரும் இல்லையா?"ன்னு கேட்டாங்க. அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கீழ உக்காந்துட்டா. உசுரு பொழைச்சுது. வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சாம், ஒவ்வொரு நிமிஷமும் கணக்காம், இன்னும் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதாம். இனிமே எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு டாக்டர் அம்மா அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. சந்தேகம் வந்தா உடனே சிரிச்சுக் காட்டச் சொல்லணும், ரெண்டு கையையும் தூக்கச் சொல்லணும், ஒரு வார்த்தை பேசச் சொல்லணும். அக்கா அதைப் பாடம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டே இருந்தா.

அக்கா வேலையை விட்டுட்டா. கணக்கை முடிச்சுக்க வந்த அன்னிக்கு மேனேஜர் அவகிட்ட மெதுவா, "எந்த ஞாயித்துக்கிழமை வேணும்னாலும் வாங்கம்மா. பதினாலு உங்களுக்குத்தான். அவர் உன் வீட்டுக்காரர்னு எனக்கு மூணாவது வாரமே தெரியும்"னாரு. எனக்குத் தாங்கல. "தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்! பதினோரு வருஷம் நடிக்க வச்சுட்டு இப்ப சொல்றீங்களே!"ன்னு பாஞ்சேன். அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "சொன்னா விளையாட்டு கெட்டுடுமேன்னு இருந்துட்டேன்மா. அவங்க சந்தோஷமா இருந்தாங்க"ன்னாரு. அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது? டாட்டா காட்டினவ நான்.

ஏழு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வந்தாங்க. அக்கா முன்கூட்டியே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா. நான் மேசைக்குப் புதுத் துணி விரிச்சு வச்சேன். மேனேஜரே கதவைப் பிடிச்சு நின்னாரு. மாமா கைத்தடி ஊனி, காலை இழுத்து இழுத்து, ஆனா தானா நடந்து வந்தாரு. மீசையெல்லாம் வெட்டி விட்டிருந்தா அக்கா. அவளும் நல்ல புடவை கட்டியிருந்தா. எதிரெதிர உக்காந்தாங்க. நான் கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டு சீட்டும் பேனாவுமா போய், "சொல்லுங்க மேடம்"னேன்.

அவ என் உசுரை வாங்கல. மெனு கார்டைக் கூடப் பாக்கல. "அவருக்குக் கோழி சூப்பு. காரம் கம்மியா. எனக்கும் அதையே கொடு"ன்னா. கண்ணு அவர் வாயைவிட்டு நகரல. தண்ணி ஊத்தினேன், அதையும் கவனிக்கல. இத்தனை வருஷம் ஆசைப்பட்டு உக்காந்த நாற்காலியில, நுனியில உக்காந்திருந்தா, எந்த நேரமும் எந்திரிக்கிற மாதிரி.

மாமாவுக்கு நாலஞ்சு வார்த்தை திரும்பியிருந்துச்சு. என்னைப் பாத்து, "ஸ்பீ...க்கரு"ன்னாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, ஜன்னலுக்குப் போயிட்டேன். இடது கையால சூப்பு குடிச்சாரு. ஒரு சொட்டு சிந்தல. சுத்திப் பாத்தாரு, தூணைத் தடவினாரு. வெளிய அந்தக் கிட்டார்காரர் அதே பாட்டை வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. மாமா மூஞ்சியில பழைய குறும்பு லேசா வந்ததை நான் இங்க இருந்தே பாத்தேன். இன்னிக்கு அவர் மேல இருந்து கண்ணை எடுக்கறதில்லன்னு நின்னுக்கிட்டு இருந்தேன்.

அக்கா, "உப்பு சரியா இருக்காங்க?"ன்னு கேட்டா.

மாமா பதில் சொல்லல. புருவத்தைத் தூக்கிக்கிட்டு அவளையே வெறிச்சுப் பாத்தாரு.

"ஏங்க, உப்பு?"

வெறிச்ச பார்வைதான். எனக்கு ஒரு நொடியில புரிஞ்சு போச்சு. செவிட்டுப் பெரியவர்! மாமா ஆட்டத்துக்கு வந்துட்டாரு! நான் சிரிக்க வாயெடுத்தேன்.

அக்காவுக்குப் புரியல. நாற்காலி பின்னால சாஞ்சு விழ எந்திரிச்சா. அவர் மூஞ்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அலறினா. "சிரிங்க! சிரிச்சுக் காட்டுங்க! கையைத் தூக்குங்க! ஏங்க, ஒரு வார்த்தை பேசுங்க! ஐயோ, யாராச்சும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்! சிரிங்களேன், சிரிங்க!"

ஹாலே எந்திரிச்சு நின்னுச்சு. மேனேஜர் போனை எடுத்துட்டாரு. நான் ஓடிப் போய், "அக்கா, ஒண்ணுமில்லக்கா, விளையாடுறாருக்கா, பழைய வேஷம்க்கா"ன்னு அவளைப் பிடிச்சு உலுக்கினேன். அவ காதுல ஏறவே இல்ல.  "அன்னிக்கும் இப்படித்தான்டி சொன்ன"ன்னா. என்னைப் பாக்காமலே சொன்னா.

மாமா அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சிரிச்சுக் காட்டினாரு. கோணலா, பாதி வாயால, அவளுக்குத் தெரியற மாதிரி பல்லு தெரிய. தூக்க முடிஞ்ச ஒரு கையைத் தூக்கிக் காட்டினாரு. "உப்...பு... சரி"ன்னாரு. அவ அவர் நெஞ்சுல விழுந்து அழுதா. அவர் இடது கையால அவ தலையைத் தடவிக்கிட்டே, இன்னும் பாதி சூப்பு மிச்சமிருக்கும்போதே, கரண்டியை எடுத்துத் தட்டுல கவுத்து வச்சாரு.

அதுக்கப்புறம் அவர் விளையாடுறதில்ல. செவ்வாய்க்கிழமை இப்ப எனக்கு லீவு, நான் அவங்க வீட்டுக்குப் போவேன். மூணு மாடி ஏறும்போதே அக்கா குரல் கேக்கும். காலையில அவர் கண்ணு முழிச்சதும், சாப்பிடறதுக்கு முன்னாடி, மாத்திரைக்கு முன்னாடி, ராத்திரி விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி, "எங்க, சிரிச்சுக் காட்டுங்க"ம்பா. அவர் உடனே சிரிச்சுக் காட்டுவாரு. அவ நல்லா உத்துப் பாத்துட்டு, சரின்னு எந்திரிச்சுப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பிப்பா.